கேட் வாசல்தான் ஜங்ஷன்

சென்னையில் ஓஎம்ஆர் எனும் பழைய மகாபலிபுரம் ரோட்டில் 5,000 பேர் உட்காரும் அளவுக்கு ஓர் ஐடி கட்டடம் வருகிறதென்றால், அதற்கொரு போக்குவரத்துத் தாக்க அறிக்கை தயாராகும். கையில் எடுத்தால் கனமாகவே இருக்கும். பெரும்பகுதி மெயின் ரோட்டைப் பற்றியது: எத்தனை லேன், இன்றைக்கு எத்தனை வண்டி, பத்து வருஷம் கழித்து எத்தனை வண்டி. கேட்டுக்கு ஒரு வரைபடமும் ஒரு பத்தியும் ஒதுக்கியிருப்பார்கள். கட்டடம் திறந்த பிறகு ஒரு புதன்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அங்கே போய் நின்று பாருங்கள். நெரிசல் பிறப்பது அந்த ஒரு பத்திக்குள்தான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். விகிதங்கள் உதாரணத்துக்கு, அவரவர் கட்டடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். 5,000 இருக்கையில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் போக 70 சதவீதம் வருகிறார்கள், அதாவது 3,500 பேர். அதில் 40 சதவீதம் ஒரே மணி நேரத்தில் வந்தால் 1,400. டூவீலர், பஸ், நடை என்று பெரும்பாலோர் வந்துவிட, சொந்தக் காரில் 280 பேர். காருக்கு 1.2 பேர் என்று வைத்தால் சுமார் 230 கார். கம்பெனி கேப் ஒரு 70. மொத்தம் 300 வண்டி. மூன்று லேன் ரோட்டுக்கு மணிக்கு 300 கார் பெரிய சுமை இல்லை. அறிக்கையும் அதைத்தான் சொல்லும், அது பொய்யும் இல்லை.

கேட்டில் நடப்பது வேறு. செக்யூரிட்டி கையில் ஒரு கம்பு, நுனியில் வட்டக் கண்ணாடி. வண்டிக்கடியில் இந்தப் பக்கம் ஒரு வீச்சு, அந்தப் பக்கம் ஒரு வீச்சு. டிக்கியைத் திறக்கிறார், எட்டிப் பார்க்கிறார், மூடுகிறார். ஒரே அடியில் மூடாது, இன்னொரு அறை. பிறகு ஐடி கார்டு. பூம் பேரியர் ஏறி இறங்குகிறது. ஆக 20 விநாடி. அப்படியென்றால் ஒரு லேனில் மணிக்கு 180 வண்டிதான் உள்ளே போகும். 300 வந்து 180 போனால் மிச்சம் 120. நிற்கிற காருக்கு 6 மீட்டர் வீதம் 720 மீட்டர் வால். நிஜத்தில் அவ்வளவு தூரம் நீளாது, அதற்குள் கேப்பில் வந்தவர்கள் ரோட்டிலேயே இறங்கி நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் இடது லேன் போய்விடும். எம்டிசி பஸ் ஸ்டாப்பில் ஒதுங்க முடியாமல் நடு லேனில் நிற்கும். அதன் பின்னால் நிற்பவர் யாருக்கும் அந்தக் கண்ணாடிக் கம்பு கண்ணில் படாது. "ஓஎம்ஆர்னாலே இப்படித்தான்" என்று முடித்துக்கொள்வார்கள்.

இரண்டு லேன் வைத்தால் 360 போகும், தப்பித்தோம் என்று தோன்றும். ஆனால் வண்டிகள் மணி முழுவதும் சீராக வருவதில்லை. ஒன்பது மணி லாகினுக்கு முந்தைய கால் மணி நேரத்தில் மணிக்கு 375 வீதத்தில் குவியும். அந்தக் கால் மணி நேரத்துக்காக, வண்டிகள் கொத்தாக வருவதையும் சேர்த்து, பேரியருக்கும் ரோட்டு எல்லைக்கும் நடுவே 12 கார் நிற்க இடம் வேண்டும். இரண்டு வரிசை என்றால் வரிசைக்கு 36 மீட்டர். பெரும்பாலான பிளான்களில் அந்த இடத்தில் 6 மீட்டர்தான் இருக்கும், ஒரு காரின் நீளம். மீதி இடத்தில் நீரூற்றும் கம்பெனி பெயர்ப்பலகையும் புல்தரையும்.

இதில் செலவில்லாத திருத்தம் ஒன்று இருக்கிறது. பேரியரை உள்ளே தள்ளி, கண்ணாடிச் சோதனையை பேஸ்மென்ட் வாசலுக்குக் கொண்டுபோவது. வரிசை உங்கள் இடத்துக்குள்ளேயே நிற்கும். தினமும் வரும் வண்டிக்கு, ஃபாஸ்டேக் மாதிரி கருவி தானே படித்துக்கொள்ளும் ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் பேரியரில் 6 விநாடி போதும், ஒரே லேனில் மணிக்கு 600 வண்டி. விசிட்டருக்குத் தனி லேன் வேண்டும். ஸ்டிக்கர் இல்லாத ஒருவர் முன்னால் நின்று போனில் "ரிசப்ஷன்ல சொல்லுங்க" என்று பேசிக்கொண்டிருந்தால் பின்னால் இருக்கும் ஐம்பது ஸ்டிக்கருக்கும் பயனில்லை. டூவீலருக்கு முடிந்தால் வேறு கேட்டே கொடுத்துவிடுங்கள். பேஸ்மென்ட் சாய்தளத்தை விதி அனுமதிக்கும் 1:8 சரிவில் (8 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம்) போட்டுவிட்டு, அதன் தலைமாட்டிலேயே பேரியர் வைப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். வெளியே வரும் கார் சரிவில் நின்று, பின்னால் உருளாமல் கிளம்பத் திணறும். ஒவ்வொரு வண்டிக்கும் நாலைந்து விநாடி வீண். சரிவு முடிந்து குறைந்தது ஒரு காரின் நீளத்துக்கு, 6 மீட்டராவது, சமதளம் விட்டுப் பேரியர் வைக்க வேண்டும்.

சாயங்காலம் சிக்கல் வேறு ரூபத்தில் வரும். காலையில் கேப் இறக்கிவிட்டுப் போய்விடும், மாலையில் காத்து நிற்கும். மணிக்கு 70 கேப், ஒவ்வொன்றும் சராசரி 10 நிமிஷம் நிற்கிறது என்றால், எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் கிட்டத்தட்ட 12 கேப் நிற்கும். 70-ஐ 60-ஆல் வகுத்து 10-ஆல் பெருக்கினால் கிடைப்பது அதுதான். உள்ளே 12 இடம் இல்லையென்றால் வெளியே 72 மீட்டருக்கு இடது லேன் அடைபடும். கேப் டிரைவரைத் திட்டுவதும் போலீஸ் வந்து சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவதும் இந்த வகுத்தல் கணக்கைச் செய்யாமல் விட்டதன் விளைவு. மதியம் சாப்பாடு கொண்டுவரும் டெலிவரி பைக்குகளுக்கும் இதே கணக்குதான். கேட்டுக்கு உள்பக்கமோ பக்கவாட்டிலோ இருபது பைக் நிற்கும் ஒரு பந்தல் போட்டால் தீர்ந்தது. அதைப் போடாத கட்டடத்தில் நடைபாதைதான் பந்தல்.

அடுத்தது யூ-டர்ன். நடுவில் மீடியன் உள்ள ரோட்டில் கேட் என்றாலே இடது பக்கம் நுழைந்து இடது பக்கம் வெளியேறுவதுதான். எதிர்த் திசையிலிருந்து வருபவர் முன்னால் போய் யூ-டர்ன் அடித்துத்தான் வரவேண்டும். அறிக்கையில் அது ஓர் அம்புக்குறி. தரையில் என்னவென்றால், காரின் திருப்பு வட்டம் 10 முதல் 11 மீட்டர். ஒன்றரை மீட்டர் மீடியனை ஒட்டித் திரும்பும் கார், எதிர்ப்பக்கத்தில் 7 மீட்டருக்கு மேல் எடுத்துக்கொள்ளும், அதாவது இரண்டு லேன். கம்பெனி பஸ்ஸின் வட்டம் 22 மீட்டரைத் தாண்டும். மூன்று லேனையும் கொடுத்தாலும் அதற்குப் போதாது. ரிவர்ஸ் எடுக்கும், ரோடே நிற்கும். அதனால் யூ-டர்ன் வாயின் எதிரே ரோட்டோரத்தில் தொப்பை போல அகலப்படுத்தித் தர வேண்டும். இல்லையென்றால் பஸ்ஸை அடுத்த சிக்னலுக்கு அனுப்புவதாக எழுதிக் கொடுத்து, அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

யூ-டர்னைக் கேட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்பதில் பலரும் சறுக்குவார்கள். 40 மீட்டரில் வைத்தால், திரும்பிய வண்டி அந்த 40 மீட்டருக்குள் மூன்று லேனையும் குறுக்காக வெட்டி இடது ஓரத்துக்கு வரும். வேகமாக வரும் பஸ்ஸுக்கு முன்னால். ஒரு கிலோமீட்டர் தள்ளி வைத்தால் டூவீலர் ஒன்றுகூட அங்கே போகாது, ரோட்டோரமாக எதிர்த் திசையில் ஊர்ந்து வரும். ராங் ரூட்டில் வருபவருக்கு அபராதம் போடலாம்தான். தினமும் நானூறு பேர் அதையே செய்கிறார்கள் என்றால் மீடியன் திறப்பு தப்பான இடத்தில் இருக்கிறது. 150 முதல் 250 மீட்டர் வரை தள்ளி வைத்தால் இரண்டு பக்கத் தொல்லையும் குறையும் என்பது எங்கள் அனுபவம். மெட்ரோ தூண்கள் வரும் ஓஎம்ஆர் மாதிரி ரோட்டில் தூண் இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் திறப்பையே முடிவு செய்ய முடியும். தூண் மறைவிலிருந்து திரும்பும் வண்டியின் டிரைவருக்கு எதிரே வருவது தெரியாது.

சிக்னலைப் பற்றிச் சுருக்கமாக. கட்டடத்தால் மணிக்கு 200 கார் கூடுதலாக வலது பக்கம் திரும்பும் என்று வையுங்கள். சிக்னல் சுற்று 150 விநாடி என்றால் மணிக்கு 24 சுற்று, சுற்றுக்கு எட்டு கார். ஒற்றை லேனில் காருக்கு 2 விநாடி வீதம் 16 விநாடி பச்சை கூடுதலாக வேண்டும். 150-இல் 16 என்பது பத்து சதவீதத்துக்கும் மேல். அதை மற்ற மூன்று பக்கத்திலிருந்துதான் பிடுங்க வேண்டும். சுற்றை 180 ஆக்குகிறோம் என்பார்கள். சுற்று நீண்டால் வால் நீளும், வால் நீண்டால் பின்னால் இருக்கும் யூ-டர்ன் வாயை மூடும், பிறகு அங்கிருந்து இன்னொரு வால்.

அறிக்கையைப் படிக்கத் தெரிந்துகொள்வதும் அவசியம். இந்தியச் சாலை காங்கிரஸின் (ஐஆர்சி) நகரச் சாலைக் கொள்ளளவு வழிகாட்டியான ஐஆர்சி 106, ஆறு லேன் பிரிக்கப்பட்ட பிரதான சாலைக்கு, இரு திசையும் சேர்த்து மணிக்கு 5,400 பிசியு என்று கொடுக்கிறது. பிசியு என்றால் எல்லா வண்டியையும் காராக மாற்றிய கணக்கு. இந்த 5,400 ரோட்டின் முழுக் கொள்ளளவு இல்லை, அதில் 70 சதவீதம். சிரமமில்லாமல் ஓடும் நிலைக்கான அளவு. முழுக் கொள்ளளவு 7,700 சொச்சம் வரும். ரோட்டில் 5,200 ஓடுகிறது என்றால், 5,400-ஆல் வகுத்தால் 0.96, மூச்சு முட்டுகிறது. 7,700-ஆல் வகுத்தால் 0.68, தாராளம். ரோடு ஒன்றுதான், வண்டியும் ஒன்றுதான். அட்டவணையில் எந்த எண்ணால் வகுத்திருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

அடுத்து டூவீலர். அதே ஐஆர்சி 106 டூவீலருக்கு 0.5, 0.75 என இரண்டு மதிப்பு தருகிறது. மொத்த வண்டியில் 5 சதவீதமாக இருந்தால் 0.5, 10 சதவீதமோ மேலோ இருந்தால் 0.75. சென்னை ரோட்டில் எது பொருந்தும் என்று சொல்லத் தேவையில்லை. 4,000 டூவீலருக்கு 0.5 போட்டால் 2,000, 0.75 போட்டால் 3,000. ஆயிரம் பிசியு ஒரு தசமப் புள்ளியில் காணாமல் போகும். ஆறு லேன் என்று எழுதுவதும் அப்படித்தான். மெட்ரோ தடுப்பு நடுவில் ஒரு லேனைத் தின்றிருக்கும், ஓரத்தில் நிற்கும் வண்டிகள் இன்னொன்றை. ஓடுவது எத்தனையோ அதைத்தான் போட வேண்டும். நாலு லேனுக்கு அதே புத்தகத்தில் 3,600.

எண்ணிக்கை எடுக்கும் நாளும் அறிக்கையின் தலையெழுத்தை மாற்றும். வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் என்று ஆன பிறகு செவ்வாய், புதன், வியாழன்தான் கூட்டம். வெள்ளிக்கிழமை எண்ணினால் ரோடு அழகாகத் தெரியும். மே மாதம் பள்ளி விடுமுறையில் எண்ணினால் இன்னும் அழகு. 15 நிமிஷ இடைவெளியில், வண்டி வகை பிரித்து எண்ண வேண்டும். மணிக்கணக்கில் எண்ணினால் மேலே சொன்ன அந்தக் கால் மணி நேரம் சராசரியில் கரைந்துவிடும்.

ரோடு அகலப்படுத்தல் என்பது பெரும்பாலும் இடம் தானப் பத்திரத்தில் எழுதிக் கொடுப்பதோடு நின்றுவிடும். ஒவ்வொரு மனைக்காரரும் அனுமதி வாங்கும்போது தன் முன்பக்கத்தை விட்டுத்தருவதால் ரோட்டோரம் பல்லுப் பல்லாக இருக்கும். 60 மீட்டர் முகப்புள்ள ஒரு மனையில் 3 மீட்டர் உள்ளே, பக்கத்து மனையில் பழைய காம்பவுண்ட் சுவர் அப்படியே. அந்த 60 மீட்டருக்கு மட்டும் நாலாவது லேன் போட்டால் வண்டிகள் உள்ளே பாய்ந்து, சுவர் வந்ததும் மறுபடி முட்டி நுழையும். இருந்ததைவிட மோசம். இரண்டு பக்கமும் கிடைக்கும்வரை அதை லேனாகப் போடாமல், கேட்டுக்குள் திரும்பும் வண்டி வேகம் குறைக்கும் ஓரப்பாதையாகவோ ஆட்டோ நிற்கும் இடமாகவோ விட்டுவிடுவது மேல்.

அந்த இடத்தின் நட்டநடுவே இபி டிரான்ஸ்பார்மர் நிற்கும், கூடவே ஒரு பில்லர் பாக்ஸ், அதாவது மின் இணைப்புகள் பிரியும் பெட்டி. மாற்ற எஸ்டிமேட் வாங்கி, பணம் கட்டி, லைன் நிறுத்தத்துக்கு நாள் வாங்கி, புதுக் கம்பம் நட்டு முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அஸ்திவாரம் தோண்டும்போதே மனு போட்டால்தான் கட்டடம் முடியும்போது கம்பம் நகர்ந்திருக்கும். டிரான்ஸ்பார்மரைச் சுற்றி வளைத்துப் போட்ட தார் ரோடுகள் எல்லாம் இந்த மனுவைக் கடைசியில் போட்டவை. மழைநீர் வடிகாலும் அப்படியே. 8 மீட்டர் அகலக் கேட் சாய்தளத்தை வடிகால் மூடியின் மேல் ஏற்றிக் கட்டினால் கசடு அள்ள வழியில்லை. ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீர் நிற்பது அந்த 8 மீட்டர் அடைப்பால்தான். தூக்கி எடுக்கக்கூடிய இரும்புக் கிராதியோ, கொக்கி வைத்த சிறு சிலாப்போ போட வேண்டும்.

நடப்பவர்களைக் கடைசியில் எழுதுவது எல்லா அறிக்கைக்கும் வழக்கம், இங்கேயும் அப்படியே ஆகிவிட்டது. ஐஆர்சி 103 நடைபாதைக்குத் தடையில்லாத 1.8 மீட்டர் அகலம் கேட்கிறது. கேட் வாயில் நடைபாதையை இறக்கிவிடாமல் அதே உயரத்தில் தொடரவிட்டு, காரை ஏறி இறங்கச் செய்ய வேண்டும். காரின் வேகம் தானே குறையும், ஸ்ட்ரோலரோ சக்கர நாற்காலியோ தடுமாறாது. பஸ் ஸ்டாப்பைக் கேட்டுக்கு முன்னால் வைக்காமல் கேட்டைத் தாண்டி வைப்பது நல்லது. முன்னால் வைத்தால் நிற்கும் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு கார்கள் கேட்டுக்குள் குறுக்கே பாயும். உள்வாங்கிய பஸ் பே கட்டினால் டிரைவர்கள் அதற்குள் போகத் தயங்குவார்கள், திரும்ப ரோட்டில் நுழைய யாரும் வழிவிட மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த பே ஷேர் ஆட்டோவுக்குத்தான் போய்ச்சேரும்.

கட்டும் காலத்துத் தொல்லைக்குத் தனி அறிக்கை யாரும் கேட்பதில்லை, ஆனால் மூன்று வருஷம் அதுதான் நடக்கும். 8,000 சதுர மீட்டரில் 7 மீட்டர் ஆழம் தோண்டினால் 56,000 கன மீட்டர் மண். தோண்டிய மண் பொதுபொதுவென்று கால் பங்கு கூடும், 70,000. ஐந்து யூனிட் டிப்பரில் சுமார் 14 கன மீட்டர் ஏறும். 5,000 லோடு. ராத்திரி நூறு லோடு அடித்தால் 50 ராத்திரி, நடுவில் மழை வந்தால் கணக்கு மாறும். டயரில் ஒட்டிய களிமண் ரோட்டில் உதிர்ந்து, விடிகாலைத் தூறலில் டூவீலர் வழுக்கும். டயர் கழுவும் தொட்டி 3 மீட்டர் நீளத்தில் கட்டுகிறார்கள். லாரி டயரின் சுற்றளவே 3 மீட்டருக்கு மேல், ஒரு சுற்றுகூட முழுதாக நனையாது. 7 மீட்டராவது வேண்டும். தொட்டிக்குப் பிறகு ரோடு வரை ஜல்லி பரப்ப வேண்டும்.

ராஃப்ட் கான்கிரீட், அதாவது கட்டடத்துக்கு அடியில் முழுப் பரப்புக்கும் போடும் அஸ்திவாரத் தளம், போடும் நாள் இன்னொரு தலைவலி. 1,200 கன மீட்டர் என்றால் 6 கன மீட்டர் ஆர்எம்சி (ரெடிமிக்ஸ் கான்கிரீட்) லாரி 200 நடை. பம்ப் ஒன்று பத்து நிமிஷத்துக்கு ஒரு லாரியைக் காலி செய்தால் மணிக்கு ஆறு. பிளான்ட்டிலிருந்து மணிக்கு பத்து அனுப்பினால் நாலு நாலாகச் சேர்ந்து சர்வீஸ் ரோட்டில் நிற்கும். ஒரு கிலோமீட்டர் தள்ளி காலி மனை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அங்கே நிறுத்தி, போனில் ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டும். அந்த வாடகை மலிவு.

தகரத் தடுப்பைக் கேட் முனைவரை முழு உயரத்தில் இழுக்காதீர்கள். கடைசி 10 மீட்டருக்குக் கம்பிவலை போட்டால்தான் வெளியே வரும் லாரி டிரைவருக்கு நடந்துவருபவர் தெரிவார். ரோட்டை வெட்டி மேலே போடும் இரும்புத் தகடு வழவழப்பாக இருக்கக் கூடாது. புள்ளி போட்ட செக்கர்டு பிளேட்டாக, ஓரத்தில் தார் சரிவு கொடுத்து, அசையாமல் பொருத்த வேண்டும். வேலை நடக்கும் ரோட்டுக்கான ஐஆர்சி எஸ்பி 55 முன்னெச்சரிக்கைப் பகுதி, லேன் குறுகும் பகுதி, வேலைப் பகுதி, முடிவுப் பகுதி என்று நாலாகப் பிரிக்கிறது. தளத்தில் பெரும்பாலும் மூன்றாவது மட்டும்தான் இருக்கும். பலகை இல்லாமல் திடீரென்று தடுப்பு.

இதெல்லாம் எப்போது கட்டப்படுகிறது என்பதுதான் கடைசிச் சிக்கல். ஓஎம்ஆரின் டைடல் பார்க் ஐடி வளாகம் திறந்தது 2000-இல். அதன் அருகில் இந்திரா நகர், டைடல் சந்திப்புகளுக்கான யூ-டர்ன் மேம்பாலங்கள் திறக்க அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தபோது எதிரே ரயில் நிலையம் இல்லை, அதற்கான நடைமேம்பாலமும் இல்லை. ஜிஎஸ்டி ரோட்டின் மறுபக்கத்தில் தண்டவாளம் ஓடியது, ரயில் அங்கே நிற்கவில்லை. ஊரிலிருந்து வந்து இறங்கியவர்கள் பெட்டியோடு வண்டலூருக்கோ தாம்பரத்துக்கோ வேறு வண்டி பிடித்தார்கள்.

தனியார் கட்டடத்தில் பிடி இருக்கும் இடம் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) தரும் நிறைவுச் சான்று. அது இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு கிடைக்காது. ஓரப்பாதை, நடைபாதை, கேப் நிற்கும் இடம் எல்லாவற்றையும் திட்ட அனுமதியின் வரைபடத்திலேயே அளவோடு போட்டுவிட்டால் சான்றுக்கு வரும் அலுவலர் டேப் வைத்து அளக்க முடியும். அறிக்கையின் பின்னிணைப்பில் "தக்க நடவடிக்கை எடுக்கப்படும்" என்று எழுதியதை எந்த டேப்பாலும் அளக்க முடியாது.

கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ என்றால் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். 5,000 பேர் கட்டடம் நிச்சயம் அதில் வரும். அந்த அனுமதியின் நிபந்தனைகளை நிறைவேற்றியதற்கு ஜூன் 1, டிசம்பர் 1 என வருஷத்துக்கு இரண்டு முறை அறிக்கை தர வேண்டும், அது பொது ஆவணம். பக்கத்துத் தெருக்காரர்கள் அதைக் கேட்டு வாங்கலாம். போக்குவரத்து நிபந்தனைக்கு எதிரே "நிறைவேற்றப்பட்டது" என்று இருக்கும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மாலை ஆறரைக்குக் கேட்டுக்குப் போய், வெளியே எத்தனை கேப் நிற்கிறது என்று எண்ணி, தேதி நேரத்தோடு படம் எடுத்து, அடுத்த அறிக்கைக்கு முன்பே அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.